மூன்றும் பதினொன்றும்

அக்கா,

காலையில் நம் குரோமோசோம் ஆய்வகக் கதவைத் திறந்ததும் அசிட்டிக் அமிலத்தின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. "அச்சார் ஊறுகாய்க் கடையில வேலை செய்யுற மாதிரியே இருக்கு லா" என்பீர்கள். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. வாடை அப்படியேதான் இருக்கிறது. இன்று எனக்குக் குமட்டியது. வயிற்றில் பதினெட்டு வாரம். பனிக்குட நீரை எடுத்து, அதிலிருந்த பிள்ளையின் செல்களை இரண்டு வாரம் வளர்த்திருக்கிறார்கள். உங்கள் பழைய மேசையில்தான் என் பிள்ளையின் கண்ணாடித் தகடு. சொந்தக் கேஸை நாமே பார்க்கக் கூடாது அல்லவா? ஆறடி தள்ளி உட்கார்ந்து யார் யாருடைய குரோமோசோம்களையோ எண்ணினேன். நாற்பத்தாறை மூன்று முறை தப்பாக எண்ணினேன்.

செல் வளர்க்கப் புதுக் கரைசல் வந்தால், அதைச் சோதிக்க நம்மில் ஒருவர் கையை நீட்டுவது நம் வழக்கம். அப்படித்தான் ஒரு நாள் நீங்கள் ஊசியோடு வந்தீர்கள். "நல்ல ரத்தமா கொஞ்சம் குடுடி." கொடுத்தேன். இரண்டு முறை கரு கலைந்தவளின் இரத்தம் எப்படி 'நல்ல ரத்தம்' ஆகும் என்று உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இதே வேலையைச் செய்யும் நமக்கு! இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கரு கலைந்ததற்கான காரணம் என் மாமியாருக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. மாக் மண்டினில் இருக்கும் வீட்டிலிருந்து நான் மோட்டார் சைக்கிளில் வந்து, கடலைக் கடக்க ஃபெரி ஏறுவதுதான் காரணம். "குலுங்கிக் குலுங்கிப் போனா எப்படி நிக்கும்?" வாய்க்கு வாய் பதில் சொன்னேன். ஆனால் ராத்திரி படுத்தால், எந்தக் குழியில் வண்டியை இறக்கினேன் என்றுதான் யோசிப்பேன்.

அந்த இரத்தத்திலிருந்து நீங்கள் என் குரோமோசோம்களை ஜோடி ஜோடியாக அடுக்கினீர்கள். மூன்றாவது ஜோடியிலும் பதினொன்றாவது ஜோடியிலும் ஒவ்வொன்று துணையோடு பொருந்தவில்லை. அந்த இரண்டும் ஒடிந்து, துண்டை மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தன. எதுவும் தொலைந்துபோகவில்லை, அதனால்தான் எனக்கு எந்த நோவும் இல்லை. மூன்று நாள் என்னோடு நாசி லெமாக் சோறு சாப்பிட்டுவிட்டு, நான்காம் நாள்தான் சொன்னீர்கள்.

"மூணு நாளா தெரிஞ்சுகிட்டே என் மூஞ்சியப் பார்த்துச் சாப்பிட்டீங்களா?" என்று கத்தினேன்.

"எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலடி" என்றீர்கள். "முதல்ல இதக் கேளு. கருமுட்டை உண்டாகுறப்ப, அம்மாகிட்ட இருந்து வந்த குரோமோசோமும் அப்பாகிட்ட இருந்து வந்ததும் தேடி வந்து ஒட்டி நிக்கணும். எல்லாருக்கும் ரெண்டு ரெண்டா நிக்கும். உனக்கு இந்த நாலும் சேர்ந்துதான் நிக்க முடியும், சிலுவை மாதிரி. அப்புறம் பிரியுறப்ப எது எந்தப் பக்கம் போகுதுங்கறதுதான் விஷயம். தப்பா பிரிஞ்சா பிள்ளை தங்காது. அந்த நாலும் சேர்ந்தது எப்ப தெரியுமா? நீ உங்கம்மா வயித்துல இருந்தப்ப. பொம்பளப் பிள்ளைக்கு முட்டையெல்லாம் அங்கேயே உண்டாயிடும். அப்ப ஏதுடி மோட்டார்?"

அந்தக் கடைசிக் கேள்வி என்னை எவ்வளவு காப்பாற்றியது என்று உங்களிடம் நான் சொல்லவே இல்லை. கோபம் கண்ணை மறைத்தது. ஒரு மாதம் உங்களோடு பேசவில்லை. அதற்குள் நீங்கள் நோயில் விழுந்தீர்கள். பார்க்க வந்தபோது உங்கள் தொண்டையில் குழாய். கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்று மூன்று மணிக்கு, உங்கள் இடத்தில் இருக்கும் பெண் எழுந்து வந்தாள். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"பொம்பளப் பிள்ளைக்கா. உங்கள மாதிரியேதான், மூணும் பதினொண்ணும் மாறியிருக்கு. ஒண்ணும் குறையல, ஒண்ணும் கூடல. டாக்டரும் பார்த்துட்டாங்க."

அழுதேன், அக்கா. சத்தம் போட்டே அழுதேன்.

பிறையில் இருக்கும் தொழிற்சாலையிலிருந்து என் வீட்டுக்காரர் அழைத்தார். பின்னால் இயந்திரச் சத்தம். "என்னாச்சு? சொல்லு லா!"

"நல்லா இருக்கா. பொம்பளப் பிள்ள."

அங்கே அவர் போட்ட கூச்சலில் போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. "வேற ஒண்ணும் இல்லையே?" என்றார்.

"இல்ல" என்றேன்.

பதினெட்டு வாரத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் இதை எழுதும்போதே, அவளுடைய கருமுட்டைகளுக்குள் அந்த நான்கும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்கின்றன. அவளுக்கு வரப்போகும் வேதனையும் மகிழ்ச்சியும் என் வயிற்றிலேயே ஆரம்பித்துவிட்டன. மூன்று நாள் சொல்லாமல் இருந்ததற்காக உங்களை ஒரு மாதம் தண்டித்தேன். இன்று, 'அவளுக்கும் என்னை மாதிரிதான்' என்ற ஒரு வாக்கியத்தைக் கட்டிய கணவரிடம் சொல்ல என்னால் முடியவில்லை. மன்னித்துவிடுங்கள், அக்கா.

அவரிடம் சாயங்காலம் சொல்லிவிடுவேன். அவளிடம் சொல்லத்தான் பயமாக இருக்கிறது. ஆனாலும் சொல்வேன், கலியாணத்துக்கு முன்பே. எந்தப் படியில் வேகமாக இறங்கினேன் என்று என் மகள் ஒரு ராத்திரிகூட யோசித்துக்கொண்டு படுத்திருக்கக் கூடாது.