கட்டின் மேல் நீலப் பேனா

அன்புள்ள அக்கா,

நேற்று பேத்துப்பாறையில், மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு பெரியவரின் கால்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதன்மேல் ஒரு எழுத்துகூட இல்லை. எப்போது கட்டியது, எப்போது பிரிப்பது, ஒன்றும் தெரியவில்லை. உங்கள்மேல்தான் கோபம் வந்தது. இவ்வளவு சீக்கிரம் போயிருக்க வேண்டுமா?

கூக்கால் கிராமத்து முருகேசன் அண்ணனை நினைத்துக்கொண்டேன். சர்க்கரை நோய், குதிகாலில் புண். மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். கொடைக்கானல் கிளினிக்கில் வாரம் ஒருமுறை நீங்கள் கட்டு மாற்றுவீர்கள். இடையில் ஒருநாள் நான் அவர் வீட்டுக்குப் போய் மாற்றுவேன். இனியொரு முறை மோசமானால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "காலு போயிட்டா பூண்டுக் காட்டுக்கு யாரும்மா போவா?" என்பார் அண்ணன்.

ஒரு வாரம் கிளினிக் நாள் மாறிப்போய், நான் போக வேண்டிய அன்று காலையில் நீங்களே கட்டிவிட்டீர்கள். அது தெரியாமல் மாலையில் நான் பிரித்தேன். துணியோடு புதுத் தோலும் பிய்ந்து வந்தது. "காலையிலதாங்க கட்டுனாங்க" என்றார் அண்ணன் மெதுவாக. முன்னாலேயே சொல்லக் கூடாதா என்று கத்தினேன். "வீடு தேடி வந்த நர்சம்மாவ வேணாம்னு எப்படிங்க சொல்றது?"

அழுதுகொண்டே உங்களுக்குப் போன் செய்தேன். நீங்களோ நேராக டாக்டரிடம் போய், "தப்பு எம்மேல சார், அவளுக்கு நாந்தான் சொல்லல" என்றீர்கள். அடுத்தவள் தப்பையும் சேர்த்துத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் ஆளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அடுத்த முறை கட்டியபோது, பிளாஸ்டரின் மேலேயே நீலப் பேனாவால் எழுதினீர்கள்: 'திங்கள் கட்டியது. வியாழன் வரை யாரும் தொட வேண்டாம்.'

"ஆஸ்பத்திரி சீட்டு வீட்டுலயே கெடக்கும்டி. கட்டுதான் எங்கயும் கூடவே போகும்" என்று சிரித்தீர்கள். மதுரைக்குப் போய்வந்த அண்ணனின் புதுக் கட்டின் மேலும் அங்குள்ளவர்கள் அதேபோல் எழுதி அனுப்பியிருந்தார்கள். அன்று கிளினிக்கில் ஒருவர் விடாமல் கூப்பிட்டுக் காட்டினீர்கள். மழைக்காலம் முடிவதற்குள் புண் ஆறிவிட்டது.

உங்களைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போனபோது முன்னால் தோள் கொடுத்தவர் முருகேசன் அண்ணன். வெறுங்காலோடு சரளைக்கல்லில் நடந்துகொண்டிருந்தார். நீங்கள் இருந்திருந்தால் சும்மா விட்டிருப்பீர்களா? "செருப்பப் போடுங்கண்ணே" என்று நானே சத்தம் போட்டேன்.

"அக்காவத் தூக்கயில எப்படிம்மா செருப்பு போடுறது?"

"அவுங்க காப்பாத்திக் குடுத்த காலுண்ணே அது."

எல்லோரும் நின்றார்கள். அவர் மனைவி கையிலிருந்த செருப்பை வாங்கி அவர் மாட்டிக்கொள்ளும்வரை, அவர் இடத்தில் நான் தோள் கொடுத்தேன். அந்தக் கனம் இன்னும் இறங்கவில்லை, அக்கா.