ஒரு அங்குலம் குட்டை

தாராவி, பம்பாய்
5-1-1964, ஞாயிறு

அன்புள்ள சேசம்மாளுக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான். என் கைதான் கோட்டை மதிக்க மாட்டேன் என்கிறது. ஆயுசெல்லாம் ஸ்டியரிங் பிடித்த கை, பேனாவையும் அதே இறுக்கமாகப் பிடிக்கிறது. ஏற்கெனவே ஒரு நிப்பு உடைந்துவிட்டது, இது வேறு நிப்பு.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பூலோகத்திடம் சொல்லி எழுதவில்லை. கோயில் பின்கட்டில் சாயங்கால வகுப்பு நடக்கிறது. மாட்டுங்காவிலிருந்து ஷ்யாமளா டீச்சர் வருகிறார். மழைக்காலத்திலிருந்து போகிறேன். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று பூலோகத்தின் வாயை அடைத்து வைத்திருந்தேன்.

போன வாரம் மாட்டுங்கா மார்க்கெட்டில் அப்பளக்கடைப் போர்டை நானாக வாசித்தேன். வாசித்த சந்தோஷத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டேன். கடைக்காரர், "எவ்வளவு வேணும் பெரியவரே?" என்று கேட்டார். சும்மா வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு கட்டு வாங்கி வந்தேன்.

இனி உனக்குப் பிடிக்காத பேச்சு. வண்டி இன்னும் வாசலில் செங்கல் மேல்தான் நிற்கிறது. அது ஒட்டுப்போட்ட வண்டி என்று உனக்கே தெரியும். உடம்பு இங்கிலீஷ் வண்டி. என்ஜினும் கியர்பாக்ஸும் அமெரிக்கா. பின் அச்சு மிலிட்டரி ஜீப். என்ஜின் நன்றாக ஓடுகிறது. ஆனால் அதன் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகிற நீள ஷாஃப்ட் முறிந்து போனதே, அதற்குத்தான் மாற்றுக் கிடைக்கவில்லை. முன்பக்கம் பொருந்துகிற ஷாஃப்ட் பின்பக்கம் பொருந்தாது. குர்லா, காட்கோபர், பாண்டுப் என்று பழைய இரும்புக் கடை ஒன்று விடவில்லை. ஒரு கம்பெனியில் புதிதாகச் செய்து தருகிறோம் என்றார்கள். அவர்கள் சொன்ன விலைக்கு வேறு வண்டியே வாங்கிவிடலாம். கால் வீங்கியிருக்கிறது. அலுப்பாக வருகிறது.

ரோஸியும் பேரனும் சுகமா? அவள் பேறுகாலத்துக்கென்று போனவள் நீ. பிள்ளை ஓடியாடுகிறானாம். நீ எப்போது வருகிறாய்?

இப்படிக்கு,
ரோஸி அப்பா மிக்கேல்ராஜ்


தூத்துக்குடி
20-1-1964

ரோஸி அப்பாவுக்குச் சேசம்மாள் எழுதுவது.

கவரைப் பார்த்ததும் ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது, விலாசம் தப்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். பாலை அடுப்பில் வைத்தபடியே வாசித்தேன். பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. ரோஸி ஏசினாள். பூலோகம் எழுதினால் யாவரும் நலம் என்று தொடங்கி அப்படியே முடிப்பார். நீங்கள் அப்பளம் வாங்கினதை அவர் எழுதியிருக்க மாட்டார்.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். நமக்கு இருப்பது ஒரு அறை, ஒரு வாசல். அந்த வாசலை அடைத்து வண்டியை நிறுத்தினீர்கள். இடுப்பில் குடத்தோடு நுழைய முடியாமல், தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒருக்களித்து நடந்தேன். பட்டப்பகலில் விளக்கை ஏற்றிவைத்துத் தைத்தேன். கேட்டால், "அடுத்த மாசம் ஓடிரும்டீ" என்பீர்கள். எத்தனை அடுத்த மாசம்!

கோபத்தில் எழுதவில்லை. கோபமெல்லாம் தீர்ந்து சலிப்புதான் மிச்சம். இங்கே கன்னியர் மடத்தில் தையல் சொல்லிக்கொடுக்க என்னைக் கேட்கிறார்கள். ஈஸ்டருக்குள் பதில் சொல்ல வேண்டும். சேர்ந்துவிட்டால் பிறகு பம்பாய்க்குத் திரும்புகிற பேச்சு இல்லை. அதற்குள் வண்டி ஓடட்டும், இல்லாவிட்டால் இரும்புக்குப் போகட்டும். வாசல் வாசலாக இருந்தால் வருகிறேன்.

காலுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுங்கள்.

சேசம்மாள்


தாராவி
16-2-1964

அன்புள்ள சேசம்மாளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து நானே வாசித்தேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்ததை வாசித்தபோது நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். வெளியே எங்கே போவது? அங்கேயும் வண்டிதான் நிற்கிறது.

குர்லாவில் லேத் பட்டறை வைத்திருக்கிற ஹமீதை உனக்குத் தெரியும், மேலப்பாளையத்துக்காரர். அவர்தான் வழி சொன்னார். "முழுசாத் தேடினா ஆயுசுக்கும் கிடைக்காது அண்ணாச்சி. முன்பாதி ஒண்ணு, பின்பாதி ஒண்ணு கொண்டாங்க. வெட்டி ஒட்டிருவோம்." அமெரிக்கா ஷாஃப்ட் ஒன்று பாண்டுப்பில் கோழிக்கூட்டுக்குக் காலாக நின்றது. ஜீப்பினுடையது காட்கோபரில் கிடைத்தது. இரண்டும் பழைய இரும்பு விலைதான். ஹமீது அளவு மட்டும் கேட்டார். நானே வண்டிக்கு அடியில் படுத்து, நூல் பிடித்து அளந்து கொடுத்தேன். நோன்போடு அந்த நெருப்புக்கு முன்னால் நின்று வெட்டி, ஒட்டி, சுற்றவிட்டுப் பார்த்துக் கொடுத்தார்.

மாட்டினேன். பொருந்தியது! செங்கலை உருவி வண்டியைத் தரையில் இறக்கினோம். பூலோகம் குடும்பத்தோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டார். சயான் பக்கம் திரும்பி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் அடியில் கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். ஷாஃப்ட் உருவிக்கொண்டு ரோட்டில் கிடந்தது. பின்னால் வந்த டாக்சிக்காரன், "க்யா சாச்சா, எலும்பை அங்கேயே போட்டுட்டுப் போறீங்க?" என்று சிரித்தான். எல்லோருமாகத் தள்ளிக்கொண்டு வந்தோம். பூலோகம் சம்சாரம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வழியெல்லாம் தள்ளினார். அதைப் பார்ப்பது ஏச்சை விட அதிகமாக இருந்தது.

ஷாஃப்ட் ஒரு அங்குலம் குட்டை. அளந்தபோது சரியாக இருந்தது எப்படிக் குட்டையாகும்? எனக்குப் புரியவில்லை. வண்டி மறுபடியும் செங்கல் மேல் ஏறிவிட்டது. ஈஸ்டர் வரை பொறுத்துக்கொள்.

மிக்கேல்ராஜ்


தூத்துக்குடி
1-3-1964

ரோஸி அப்பாவுக்கு,

ஷாஃப்ட் ரோட்டில் விழுந்ததை ரோஸிக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. பாவம், பூலோகம் சம்சாரம்.

ஒன்று கேட்கிறேன். வண்டி செங்கல் மேல் நிற்கும்போதா அளந்தீர்கள்? சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டுதானே இருக்கும்? எனக்கு வண்டி தெரியாது. சட்டை தெரியும். ஆளை உத்தரத்தில் தொங்கவிட்டா சட்டைக்கு அளவு எடுப்பார்கள்? தரையில் நிறுத்தி, சும்மா மூச்சு விடச் சொல்லித்தானே அளப்போம். வண்டியும் பாரத்தோடு உட்கார்ந்தால் கொஞ்சம் அமுங்காதா, நீளாதா? ஹமீதிடம் கேட்டுப் பாருங்கள்.

மடத்துத் தாயார் நேற்றும் கேட்டார்கள். ஈஸ்டருக்குள் சொல்கிறேன் என்றேன். பழகுவதற்காக இந்த வாரம் வகுப்பில் போய் உட்காருகிறேன்.

சேசம்மாள்


தாராவி
15-3-1964

அன்புள்ள சேசம்மாளுக்கு,

நீ எழுதினதை அப்படியே ஹமீதிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். நான் வாசிக்கிறேன் என்பதையே அவர் அதிசயமாகப் பார்த்தார். ஆளை உத்தரத்தில் தொங்கவிடுகிற இடம் வந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார். "தொங்கப் போட்டா அளந்தீக? பாரம் ஏறினா ஸ்பிரிங் பட்டை அமுங்கி அச்சு பின்னால போகுமே! இந்தப் பட்டறைக்கு மதினியை மேஸ்திரியாக் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி."

வண்டியைத் தரையில் இறக்கிவைத்து, பூலோகத்தைக் கெஞ்சிக் கூத்தாடிப் பின்சீட்டில் உட்காரவைத்து அளந்தேன். அவர் சம்சாரம் ஏற மாட்டேன் என்றுவிட்டார். அவருக்குப் பதிலாக அரிசி மூட்டை. ஹமீது நடுவில் ஒரு துண்டுக் குழாய் வைத்து ஒட்டிக் கொடுத்தார். செம்பூர் வரை போய்த் திரும்பினேன். பள்ளம் மேடு எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு சத்தம் இல்லை.

வண்டி ஓடிவிட்டது, சேசு. ரயில் ஏறுகிற தேதியை எழுது. வி.டி. ஸ்டேஷனில் வண்டியோடு நிற்பேன். நீ பின்சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து வரலாம். வாசலை அடைக்காமல் இனி கோயில் மதிலோரம் நிறுத்திக்கொள்ளச் சாமியாரிடம் கேட்டுவிட்டேன்.

மிக்கேல்ராஜ்


தூத்துக்குடி
24-3-1964

ரோஸி அப்பாவுக்கு,

வண்டி ஓடினதை வாசித்ததும் பெட்டியை இறக்கிக் கட்டில் மேல் வைத்தேன். சேலைகளை எடுத்துப் போட்டேன். அப்புறம் கை ஓடவில்லை. பெட்டி அப்படியே கிடந்தது. பேரன் அதற்குள் ஏறி உட்கார்ந்து வாயால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். இன்று அவனைத் தூக்கி இறக்கிவிட்டுப் பெட்டியைப் பரண் மேல் வைத்துவிட்டேன். மடத்தில் சரி என்று சொல்லிவிட்டேன்.

வாசலைத்தான் காரணமாகச் சொன்னேன். பொய்யாகச் சொல்லவில்லை, அப்போது அப்படித்தான் நினைத்தேன். வாசல் திறந்ததும் நான் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்ப முடியவில்லை. அந்த அறையில் நீங்கள் வருவீர்கள், சாப்பிடுவீர்கள், தூங்கிவிடுவீர்கள். இப்படி ஒரு அப்பளக் கதை என்றைக்காவது எனக்குச் சொன்னீர்களா? நானும் கேட்கவில்லை. எனக்கும் அலுப்பு.

இங்கே வகுப்பறையில் ஜன்னல் பெரிது. பிள்ளைகள் பாவாடைத் துணியை வைத்துக்கொண்டு டீச்சர், டீச்சர் என்று சுற்றி நிற்கிறார்கள். இதை விட்டு வர எனக்கு மனசில்லை.

வாக்கு மீறினது நான்தான். ஏசி எழுதினாலும் எழுதுங்கள், ஆனால் எழுதாமல் இருந்துவிடாதீர்கள். தபால்காரர் வருகிற நேரத்துக்கு நான் வாசலில் நிற்கிறேன் என்று ரோஸி கேலி பண்ணுகிறாள்.

சேசம்மாள்


தாராவி
5-4-1964, ஞாயிறு

அன்புள்ள சேசம்மாளுக்கு,

உன் கடிதம் பெரிய வியாழனுக்கு மறுநாள் வந்தது. நானே வாசித்தேன். பூலோகம் எட்டிப் பார்த்து, "மதினி எப்ப வாறாக?" என்று கேட்டார். "எழுதியிருக்கா" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு எல்லோருமே துக்கமுகமாக இருக்கிற நாள், அதனால் என்னை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

ஈஸ்டர் பூசை முடிந்து வண்டியைத் துடைத்து வி.டி. வரை ஓட்டிப்போனேன். நீ வர மாட்டாய் என்று தெரியும். அந்த வழியில் ஓடத்தானே அதற்கு இத்தனை பாடு. ஒரு தரம் ஓடிவிட்டு வரட்டும் என்று தோன்றியது. மெட்ராஸ் ரயிலில் வந்தவர்கள் எல்லோரும் போகும்வரை நின்றேன். ஒரு கூலிக்காரர் வந்து, வண்டி வாடகைக்கு வருமா என்று கேட்டார். வராது என்றேன். பிறகு திரும்பி வந்தேன். வழியில் ஒரு சத்தம் இல்லை.

புதன்கிழமை அதைக் காட்கோபரில் கல்யாண வண்டி விடுகிற ஷேக் பரீத்திடம் கொடுத்துவிட்டேன். உன்னைக் கூட்டி வரத்தான் வைத்திருந்தேன், வேறு எதற்கும் இல்லை. அவரிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: "ஷாஃப்டை எப்பவாவது மாத்தினா, வண்டியைத் தரையில நிறுத்தி அளக்கச் சொல்லுங்க." யார் சொன்னது என்று கேட்டார். எங்கள் வீட்டு மேஸ்திரி என்றேன்.

உன்னை ஏச எனக்கு ஒன்றும் இல்லை. யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் எனக்குப் பேச்சு வராமல்தான் இருந்தது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டால் நிம்மதியாக இருந்தது. நீ ஜன்னலோரம் இரு.

செங்கலையெல்லாம் எடுத்துப் பூலோகத்துக்குக் கொடுத்துவிட்டேன், அடுப்புக் கட்ட. இப்போது வாசலில் ஒன்றும் இல்லை. காலை வெயில் உள்ளே உன் தையல் மிஷின் இருந்த மூலை வரை வருகிறது. அவ்வளவு தூரம் வரும் என்று எனக்குத் தெரியாது. பாயை அங்கே போட்டு உட்கார்ந்துதான் எழுதுகிறேன். விளக்கு வேண்டியிருக்கவில்லை.

முன்பு நான் கார் ஓட்டின சேட்டின் நாயைத் தாதர் பாலத்தில் தொலைத்துவிட்டு நான் இரண்டு நாள் அலைந்த கதை உனக்குத் தெரியாது. அன்றைக்கு வேலை அதிகம் என்று சொல்லிப் படுத்துவிட்டேன். நீ சோற்றை மூடி வைத்தாய். அது நீளக் கதை, தாளும் முடிந்துவிட்டது, விரலும் மரத்துவிட்டது. அடுத்த ஞாயிறு எழுதுகிறேன்.

உன்
மிக்கேல்ராஜ்