வாழ்கிறான் என்றொரு பெயர்

செம்மநத்தம்,
10.4.1983

குப்பாயிக்கு,

மாதையன் எழுதுவது. நீ பிள்ளை பெற்ற சேதியை பஸ் கண்டக்டர் சொல்லித்தான் உன் அம்மாவுக்குத் தெரிந்தது. எங்களைக் கேட்காமல் தஸ்தகீரைக் கட்டிக்கொண்டு போனாய். இப்போது கேட்காமல் பெயரும் வைத்துவிட்டாய். யஹ்யாவாம். வாயில் நுழையாத அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்? எங்கிருந்து வந்தது? எனக்கு இருப்பது நீ ஒருத்தி. என் பெயர் என்னோடு போகட்டும் என்று முடிவு கட்டிவிட்டாயா?

வைகாசியில் சேர்வராயன் திருவிழா. பிள்ளையைத் தூக்கி வா. மொட்டை போட்டு மாதையன் என்று பெயர் சொல்வோம். பங்காளிகளிடமும் என் தம்பி மகன் காளியண்ணனிடமும் நான் பேசிக்கொள்கிறேன். அந்தப் பெயரோடுதான் வருவாய் என்றால் மலை ஏறாதே.

மாதையன்

சேலம், கோட்டை,
18.4.1983

அன்புள்ள அப்பாவுக்கு,

குப்பாயி வணங்கி எழுதுவது. திட்டியாவது எழுதினீர்களே, அதுவே சந்தோஷம்.

ஜகரிய்யா என்று ஒரு நபி. தலை நரைத்த காலத்தில் பிள்ளை கேட்டாராம். பிள்ளையைக் கொடுத்த இறைவனே யஹ்யா என்று பெயரும் வைத்தானாம். அதற்கு முன் யாருக்கும் இல்லாத பெயர். 'வாழ்கிறான்' என்று அர்த்தம் சொல்கிறார்கள். எஸ்டேட் தெரசம்மாள் அக்கா கும்பிடும் ஸ்நாபக அருளப்பரும் இவரேதானாம். பிள்ளை பிறக்கும் என்பதற்கு அடையாளமாக ஜகரிய்யாவுக்கு மூன்று நாள் பேச்சே வரவில்லையாம். நீங்கள் அவரையும் மிஞ்சிவிட்டீர்கள்.

அப்பா, இவன் எனக்கு இரண்டாவது. போன வருடம் பிறந்தது தங்கவில்லை. நான் வீட்டை விட்டு வந்தபோது கடிதம் எழுதக்கூடாது என்றீர்கள், அதனால் எழுதவில்லை.

எனக்கு முன்னால் பிறந்தவர்களும் தங்கவில்லை. அதனால்தானே என்னைக் குப்பையில் புரட்டி எடுத்து இந்தப் பெயர் வைத்தீர்கள்? "எமன் பாத்தாலும் குப்பைன்னு போயிருவான் கண்ணு" என்பீர்கள். நீங்கள் என்னை ஒளித்து வைத்தீர்கள். என் மாமனார் வாழ்கிறான் என்றே இவனுக்குப் பெயர் வைத்துவிட்டார். இரண்டும் ஒரே பயம்தான். பெயரை மாற்றி இவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? என்னால் முடியாது.

உங்கள் மகள்,
குப்பாயி

சேலம், கோட்டை,
20.5.1983

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் இல்லை. புரிந்துகொண்டேன். திருவிழாவுக்கு நாங்கள் வரவில்லை. அம்மாவை மட்டும் ஒரு நாள் பஸ் ஏற்றிவிடுங்கள். அவள் என்ன தப்பு செய்தாள்? இவன் சிரித்தால் உங்களுக்கு விழுகிற அதே கன்னக்குழி. இனி உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

குப்பாயி

செம்மநத்தம்,
29.5.1983

கண்ணு குப்பாயிக்கு,

அப்பன் எழுதுவது. திருவிழாவில் பூசைத் தட்டைக் கொடுத்தேன். "ஆரு பேருக்குங்க?" என்றார் பூசாரி. மாதையன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். 'மாற்றி ஏதாவது ஆகிவிட்டால்' என்று நீ எழுதியது நினைவுக்கு வந்தது. யஹ்யா என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொன்னேன். காப்பித் தோட்டத்தில் தனியாகச் சொல்லிப் பார்த்திருந்ததால் நாக்கு இடறவில்லை.

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஏனுங்க பெரியப்பா, இது எந்த ஊட்டுப் பேருங்க?" என்றான் காளியண்ணன்.

"என்ற ஊட்டுப் பேருடா" என்றேன்.

பங்காளிகள் விலகிப் போய் நின்றுகொண்டார்கள். மலை இறங்கும்போது நானும் உன் அம்மாவும் மட்டும்தான். இனி நம் ஊட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். இந்த வயதில் பயமாகத்தான் இருக்கிறது கண்ணு.

அடுத்த ஞாயிறன்று முதல் பஸ்ஸில் நாங்களே வருகிறோம். தஸ்தகீரை ஊட்டில் இருக்கச் சொல்.

போன வருடம் தங்காமல் போன பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருந்தீர்கள்? உன் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன் அப்பன்,
மாதையன்