குழந்தையைக் காலில் போடுவதற்கு முன்

சேக்காடு, ஆவடி
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் மோகனப்பிரியாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உன் நைனாவும் இங்கே நலம். நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், அதனால் எழுதிவிட்டேன், மனசுக்குள் நலமே இல்லை. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை அசோக்கும் உன் வயிற்றில் இருக்கிற என் பேரப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். தினம் பேசுகிறவளுக்கு இதென்ன புதிதாகக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், நீ பாதியைக் கேட்டுப் பயந்து வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதி, மேல் வீட்டு தீபிகாவின் அம்மாவிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு முழுக்கப் படி.

தீபிகா இப்போது ஏழாவது படிக்கிறாள். மாடியில் நெட் சரியாக வருவதில்லை என்று அவளும் கூடப் படிக்கிற காவ்யாவும் ஸ்ரீநாத்தும் நம் கூடத்தில்தான் கடை விரிக்கிறார்கள். எலும்பு, தசை நோய்களைப் பற்றி நெட்டில் தேடிப் படித்து சார்ட்டில் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள் பள்ளிக்கூடத்தில், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நோய். இவர்களுக்கு வந்தது பிறவியிலேயே எலும்பு பலமில்லாமல் போகிற நோய். காவ்யா எலும்புக்கூடு வரைந்துகொண்டிருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் குழந்தைக்கு நலங்கு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீநாத் போனைப் பார்த்து உரக்கப் படித்தான். லேசாக விழுந்தாலே எலும்பு முறியுமாம், கண்ணின் வெள்ளையில் நீலம் பாய்ந்திருக்குமாம், சிலருக்குச் சின்ன வயதிலேயே காது மந்தமாகுமாம், பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு வருமாம். தீபிகா அதில் இருந்த கண் படத்தைப் பார்த்தாள், சுவரில் மாட்டியிருக்கிற உன் கல்யாணப் போட்டோவைப் பார்த்தாள், ஆன்ட்டி, மோகனா அக்கா கண்ணு இதே மாதிரி இருக்கே என்று சந்தோஷமாகக் கத்தினாள். அவர்களுக்கு அது மார்க். நான் எழுந்த வேகத்தில் சலித்த மாவு தரையெல்லாம் கொட்டிவிட்டது.

யோசித்துப் பார் கண்ணு. உன் கண் நீலமாக இருக்கிறது என்று ஊரே சொல்லும், அதற்காகவே வெள்ளிக்கிழமைதோறும் உனக்குச் சுற்றிப் போட்டேன். அண்ணனூர் ஸ்டேஷன் படியில் தடுக்கி மணிக்கட்டு போயிற்று, ஸ்கூலில் கோகோ விளையாடிக் கால் போயிற்று, பாத்ரூமில் வழுக்கித் தோள்பட்டை எலும்பு. ஒவ்வொரு தடவையும் ரயிலேறிப் போய்ப் புத்தூர் கட்டு போட்டு வந்தோம், கட்டு நன்றாகத்தான் கூடியது, உனக்கு வாலு என்று பேர் வைத்தோம், அதோடு மறந்தோம். உன் நைனாவுக்குக் காது போனது அம்பத்தூர் கம்பெனியில் பிரஸ் மிஷின் சத்தத்தால் என்றே இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர் கண்ணும் உன் கண்தானே.

அவரிடம் சொன்னேன். புள்ளைங்க நெட்ல இன்னாத்தியோ பாத்துகினு கீதுங்க, அத்தக் கேட்டுகினு நீ ஏன் ஊட்ட ரெண்டாக்குற என்று சத்தம் போட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், ஷேவிங் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் நின்று கண் இமையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்று சாயங்காலம் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு, வா எலும்பு டாக்டராண்ட போலாம் என்றார். டாக்டர் நெட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்றுதான் சொன்னார். ஆனால் எத்தனை தடவை எலும்பு முறிந்தது என்று கேட்டார், பழைய எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றோம். இருக்கலாம், இல்லாமலும் போகலாம், உனக்கு இருந்தாலும் குழந்தைக்கு வந்தே தீரும் என்றில்லை, பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் மட்டும் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றார்.

என் பயம் இன்னொன்று இருக்கிறது, அதை டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. நீ பிறந்த மாதமே ஒருநாள் குளிப்பாட்டியதும் வீறிட்டு அழுதாய், ஒரு கையைத் தூக்கவே இல்லை. உரம் விழுந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னோம், புடவையில் போட்டு உருட்டி உரம் எடுத்தோம். அது உரம்தானா, எலும்பே முறிந்திருந்ததா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. இந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகள் என் காலில் குளித்து வளர்ந்தவை. எண்ணெய் தேய்த்துக் கை காலை நீவி இழுத்து, குறுக்கே மடக்கி, தலைகீழாகத் தூக்கி உதறி, ஹேமாவதி குளிப்பாட்டினால் குழந்தை அப்படித் தூங்கும் என்று பேர். அதே கையோடுதான் உன் குழந்தையைக் குளிப்பாட்ட விசா எடுத்து வைத்திருக்கிறேன். என் கையைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

நாளைக்கே டாக்டரிடம் போ. மாப்பிள்ளையிடம் மறைக்காதே, அவர் தங்கமானவர், உன்னை ஒன்றும் சொல்லமாட்டார். கண், கை, கால், நைனா காது எல்லாவற்றையும் சொல். நான் வருவதற்குள் வலி கண்டுவிட்டால், அங்கே யாராவது தெரிந்த அம்மா குளிப்பாட்டுகிறேன் என்று வந்தால் குழந்தையைக் கொடுக்காதே, கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். தரை ஈரமாக இருந்தால் நடக்காதே.

நீயும் உன் குழந்தையும் எலும்பும் சதையும் கெட்டியாக நூறு வருஷம் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று உன் நைனாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். தீபிகாவிடம் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை, குழந்தை பாவம், சார்ட்டுக்கு நல்ல மார்க் வாங்கி வந்து என்னிடம்தான் முதலில் காட்டினாள். டிக்கெட் போட்டபடி நான் வருகிறேன். மறந்துவிடாமல் ஒன்று மட்டும் செய். இப்படிப்பட்ட குழந்தையை எப்படித் தூக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டு வைத்துக்கொள். நான் வந்ததும் எனக்குச் சொல்லிக் கொடு. அதுவரை குழந்தையைத் தொடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஹேமாவதி ஜானகிராமன்