ஐந்தாவது கட்டம்

7-7-1958, திங்கள்
காலையில் புகையிலைக் கிட்டங்கிக்குத் தொழிலாளர் ஆபீசர் வந்தார். நான் மேஸ்திரி என்பதால் கணக்கெடுக்கும் தாளை என்னிடமே கொடுத்தார். நான்கு கட்டம்: நின்று, குனிந்து, உட்கார்ந்து, சுமந்து. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஆளைப் பார்த்து, அந்தந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். எந்த வேலை உடம்பைக் கெடுக்கிறது என்று இதிலிருந்து கண்டுபிடித்து, முதலாளியிடம் அதை மாற்றச் சொல்வார்களாம். இலையிலிருந்து காம்பு கிழிக்கும் பெண்களுக்கு உட்கார உயரப் பலகை வந்தால் பேச்சாயியின் முழங்கால் தப்பும். என் மனைவி பதினான்கு வருஷமாக அந்த வரிசையில்தான் இருக்கிறாள்.

9-7
ஒரே எரிச்சல். நான் தாளோடு போய் நின்றால், மூட்டை தூக்குகிற உடையப்பன் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நடக்கிறான். தலையைத் திருப்பினால் பழையபடி வளைகிறான். இதை வைத்து என்னத்தைக் கண்டுபிடிப்பது?

12-7
தாளை அனுப்பியாயிற்று. பெண்கள் எல்லாருக்கும் 'உட்கார்ந்து' என்ற மூன்றாவது கட்டத்தில்தான் கோடு. வேறு எங்கே போடுவது?
சாப்பிடும்போது இதைச் சொன்னேன். வெஞ்சனம் வைத்த கையோடு பேச்சாயி நின்றுவிட்டாள்.
"குத்தவச்சுக் கெடக்கிறதும் சம்மணம் போட்டு உக்கார்றதும் ஒண்ணாங்க? செத்த நேரம் எங்கள மாதிரி இருந்து பாருங்க."
இருந்து பார்த்தேன். கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை, சுவரைப் பிடித்துத்தான் எழுந்தேன். அட மடையா! இலை பதமாக இருக்கத் தண்ணீர் தெளிக்கிற தரையில் எவள் சம்மணம் போடுவாள்? தினம் பார்க்கிறவனுக்கு இது தெரியாதா? கட்டம் இல்லையென்றால் கேட்டிருக்க வேண்டாமா?

14-7
ஆபீசருக்கு எல்லாவற்றையும் விளக்கிக் கடிதம் போட்டேன்.

22-8
அறிக்கை வந்துவிட்டது. 'பெண்கள் பெரும்பாலும் உட்கார்ந்தே வேலை செய்கிறார்கள், சிரமம் குறைவு.' முதலாளி சிரித்துக்கொண்டே படித்துக் காட்டினார். பலகை கிடையாது. உட்கார்ந்தே இருக்கிறவர்களுக்கு எதற்கு என்று பத்து மணி ஓய்வையும் நிறுத்திவிட்டார். எல்லாம் என் கோடு — என் கையால் போட்டது.

3-11
பேச்சாயி இன்றும் வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பிடித்தும் எழுந்திருக்க முடியவில்லை. என்னைத் திட்டித் தொலைத்தாலாவது தேவலை.

2-3-1959
புதுத் தாள் வந்தது. ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள்: குத்தவைத்து. என் கடிதத்தை யாரோ படித்திருக்கிறார்கள்.
பேச்சாயியின் இடத்தில் போன வாரத்திலிருந்து எங்கள் மகள் மூக்காயி காம்பு கிழிக்கிறாள். தாளோடு போனதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஐந்தாவது கட்டத்தில் முதல் கோடு அவளுக்குத்தான் போட்டேன்.