மஞ்சள் அடித்த வயல்

பாலமுனை

அன்பு மகன் மிஹ்லாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். றப்புடைய கிருபையால் இங்கு மூச்சுக்கும் சோற்றுக்கும் குறைவில்லை, கோலாலம்பூரில் நீயும் அப்படியே இருக்க துஆச் செய்கிறேன். உம்மா நான் சொல்லச் சொல்ல உன் தங்கை முஸ்பிறா எழுதுகிறாள். (அடைப்புக்குள் இருப்பதெல்லாம் என் வாய், காக்கா.) போனில் கதைத்தால் உங்கள் கம்பனிக்குக் கேட்டுவிடும் என்று வாப்பா பயப்படுகிறார், அதனால்தான் தபால். (நான் பக்கத்தில் நின்று கத்தினாலே அவருக்குக் கேட்பதில்லை.)

நாடு தொழில்நுட்பத்தில் முன்னேற அரசாங்கம் போட்ட திட்டம், நம் கரையில் பெரிய கணினிப் பூங்கா, அதற்குப் பயன்படாத நிலத்தை எங்கள் கம்பனிதான் தேடிக் கொடுத்தது என்று பெருமையாக ஒரு படம் அனுப்பினாயே, (பூங்காவாம், பூவுமில்லை காயுமில்லை) அதில் பயன்படாது என்று மஞ்சள் அடித்த துண்டுக்குப் பக்கத்தில் வாய்க்கால் இரண்டு தரம் வளைகிறது. அந்த வளைவுக்குள் மஞ்சளாகக் கிடப்பதுதான் மகன் நம் வயல்.

பிழை நம்மிலும் உண்டு. வெள்ளம் வடிந்த கையோடு ட்ரோனும் கையில் தட்டி எழுதும் டெப்புமாக இரண்டு பிள்ளைகள் வந்தார்கள், நட்டஈட்டுக்குப் பதிகிறார்கள் என்று ஊரே நினைத்தது, பாதி அழிந்தவர்களும் முழுதும் அழிந்ததாகச் சொன்னார்கள். வாப்பாவும் வரம்பில் நின்று, அதில் ஒரு பெண்பிள்ளையிடம், எல்லாம் அழிஞ்சி பெய்த்து மகள், இனி இதில ஒண்டும் விளையாது என்றார். (நான் அழுதும் காட்டினேன். தரவு கொடுத்தோம், வரவு பார்த்திருந்தோம்.) அந்தப் பிள்ளை அப்படியே தட்டிக்கொண்டு போனது.

இப்போது நெல் பால் பிடித்து நிற்கிறது, நடுவே சிவப்பு ரிபன் கட்டிய கட்டைகள். ஒன்றை வாப்பா பிடுங்கினார், விடிந்து பார்த்தால் அதே குழியில் புதுக் கட்டை. யார் வந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அஸர் தொழுகைக்குப் பிறகு ட்ரோன் வந்து தலைக்கு மேல் நிற்கிறது, கொக்குகள் இறங்குவதில்லை. (கடகத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அதற்கு ஆடிக் காட்டினேன். சும்மா பார்த்துக்கொண்டே நின்றது.)

அரசாங்கக் காணிக் கந்தோரில் முறையிட்டோம். வந்து நெல்லைப் பாருங்க என்றாராம் வாப்பா, படத்தில வெறும் நிலம்தானே ஐயா கிடக்கு என்றார்களாம். திருத்துவதானால் படத்தில் நிலத்தைச் சரிபார்த்தவர்தான் திருத்த வேண்டுமாம். அவர் பெயரைத் திரையில் காட்டியிருக்கிறார்கள். வாப்பா தான் வைத்த அந்தப் பெயரை இரண்டு தரம் வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்தார், அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவில்லை.

தொழுகையை விடாதே, வெளிச்சாப்பாட்டைக் குறை, அல்லாஹ் உன் கைக்கு பறக்கத் தருவான். மஞ்சள் அடிக்கும்போது அந்த வளைவை நீ கண்டாயா, காணவில்லையா, அறுவடைக்கு முன் அதை மட்டும் எழுது.

உன் உம்மா,
ஹாஜறா

(இது பகிடி இல்லை, காக்கா.)