ஜாடியில் இருந்தது புல்

அன்புத் தங்கைக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை. உன் வீட்டுக்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவரும் படிக்கட்டும்.

குழந்தைக்கு வலிப்பு வராமலிருக்க நான் மந்திரித்துத் தந்தது மூலிகையே அல்ல. வெயிலில் காய்ந்த நிஜ மூலிகையைச் சூடு ஆறும் முன்பே ஜாடியில் போட்டு மூடிவிட்டேன். உள்ளே வியர்த்துப் பூசணம் பிடித்துவிட்டது. நீயோ வாசலில் நின்றாய். கைராசிக்காரி என்ற பெயர் போய்விடுமே என்று, கொல்லையில் காய்ந்து கிடந்த புல்லை நறுக்கி அந்த ஜாடியிலேயே போட்டுக் கொடுத்தேன்.

நேற்று நீ, "அதைத் தலகாணிகிட்ட வெச்சதுலேருந்து வலிப்பே வரலக்கா, மாத்திரைய நிறுத்திட்டேன்" என்றாய். அப்போதும் நான் "நல்லது" என்றுதான் சொன்னேன்.

வலிப்பைத் தடுத்தது மாத்திரைதான். இப்போதே குழந்தையை டாக்டரிடம் தூக்கிப் போ. நடந்ததை மறைக்காமல் சொல். பிறகு வந்து என்னைத் திட்டு. எங்கும் போகமாட்டேன்.

உன் அக்கா